துப்பரவாகக் கரைந்த கடலடி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய அலுவலகத்தில் இருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். லண்டனில் கடலடி மண்ணைப் படிக்கிற வேலைக்கு இப்போது தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் கணிசமாகவே வந்துவிட்டீர்கள். சிலர் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர்கள், சிலர் சென்னையில் இருந்தும் கோயம்புத்தூரில் இருந்தும் விசாவோடு வந்தவர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் மேலாளர்களும் வாசித்துவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். நான் சொல்லப் போகும் கதை தமிழால் வந்த வினை என்பதால் அதைத் தமிழில் சொல்வதே நியாயமும் கூட.

முதலில் உங்கள் தலையில் உள்ள ஒரு படத்தை அழிக்க வேண்டும். சுண்ணாம்பு மணல் என்றதும் வெதுவெதுப்பான கடலும் பவளப்பாறையும் வெயிலும் உங்கள் கண்ணில் வரும். நேர்முகத் தேர்வுகளில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, ஸ்கொட்லாந்துத் தீவுகளைச் சுற்றிக் கடலடியில் என்ன இருக்கும் என்பது. அநேகமானவர்கள் சேறு என்பார்கள், கூழாங்கல் என்பார்கள். குளிர்கடலில் சுண்ணாம்பு எப்படி வரும் என்று என்னையே திருப்பிக் கேட்ட கெட்டிக்காரர்களும் உண்டு.

வரும். கரையை அடுத்து ஆழம் குறைவாக நீண்டு கிடக்கும் கடலடியைக் கண்டமேடை என்கிறோம். அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கண்டமேடையில் பெரிய ஆறுகள் வந்து சேற்றைக் கொட்டுவதில்லை. மட்டியும் பாறையிலும் கப்பலடியிலும் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் கடல் முள்ளெலியும், பாறையில் சரிகைபோல ஒட்டி வளரும் சிற்றுயிர்களும் அந்தக் குளிரில் அவசரமில்லாமல் வளர்ந்து செத்துப் போகின்றன. குளிர்கால அலை அவற்றின் ஓடுகளை உடைத்துப் பொடியாக்குகிறது. மூடி மறைக்கச் சேறு இல்லாததால் ஆயிரக்கணக்கான வருடங்களாக ஓட்டின் மேல் ஓடாகச் சேர்ந்து கிடக்கிறது. பார்த்தால் நல்ல வெளிர் மணல். ஆனால் ஒவ்வொரு துகளும் ஒரு தகடு, ஒரு குழல், அல்லது உள்ளே வெற்றறை உள்ள ஒரு சிறு கூடு. கல் அரைபட்டு வந்த மணலின் மேல் பாரத்தை ஏற்றினால் அது இறுகும். ஓட்டு மணல் நொறுங்கும். அப்பளக் கட்டின் மேல் கட்டில் காலை வைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு ஒரேயடியாக இறங்கும். இந்த வேறுபாட்டை மறக்காமல் வைத்திருந்தால் மீதியை நான் சொல்லிக்கொண்டே போகலாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு நடந்தது இது. கடலில் காற்றாலை நடுகிறவர்களுக்கும் கேபிள் புதைக்கிறவர்களுக்கும் கடலடி எப்படிப்பட்டது என்று சொல்வதே எங்கள் நிறுவனத்தின் வேலை. ஸ்கொட்லாந்தின் ஒரு தீவுக்கு அருகே துளையிட ஒரு ஜாக்கப் போகவிருந்தது. ஜாக்கப் என்பது இரும்புக் கால்கள் உள்ள மிதவை. வேலை செய்யும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் கால்களைக் கடலடியில் ஊன்றி, தன் உடம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஆட்கள் உண்டு, உறங்குகிறவர்களும் உண்டு. எல்லாக் காலும் ஒரே சீராக நின்றால் மேடை. ஒரு கால் மட்டும் திடீரென்று கீழே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஆட்கள் சொல்லி வைத்தது ஜாக்கப்புக்கும் பொருந்தும்.

வழக்கமாக அந்த இடத்தில் ஓர் இரும்புக் கூம்பைக் கடலடிக்குள் அழுத்தி அதன் பலத்தை நேரடியாக அளப்பார்கள். அந்தத் தடவை காற்று விடவில்லை. முன்பு போன ஒரு கப்பல் குழாய்களில் எடுத்து வந்த மண் மட்டும்தான் கையில் இருந்தது. குழாய்கள் துறைமுகத்தில் இருந்து நேரே சோதனைச் சாலைக்குப் போயின. சோதனைச் சாலை சொன்ன மணலின் அளவையும் வகையையும் வைத்தே, கால் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டோம். போட்டவள் அபிராமி.

லண்டன் ஸ்ட்ரெதத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. படிப்பில் சுட்டி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே போய், கடைசியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். அலுவலகத்தில் மற்றவர்கள் முன்னால் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அது இங்கத்தைய முறை. தனியே அகப்பட்டால் அன்ரி, சென்னைக்காரர் சொல்லும் ஆன்ட்டிதான். அல்பர்டனில் கால்வாய்க் கரையோரம் இருந்த சோதனைச் சாலையை நடத்தியவர் சுந்தர், மதுரைக்காரர், இரசாயனம் படித்தவர். அங்கே ஒரு தமிழர் இருக்கிறார் என்று தெரிந்த நாளில் இருந்து அபிராமி அவரோடு ஒரு சொல் ஆங்கிலத்தில் பேசியதில்லை. அவருக்கும் அதில் உச்சி குளிர்ந்துபோகும். இவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிற பெண்ணை மதுரையிலேயே பார்க்க முடியாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பார்க்க முடியாதுதான், மதுரையில் யார் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்கள்?

அறிக்கை வந்தது. நுண்மணல், குவார்ட்ஸ், அதாவது கல் அரைபட்டு வந்த மணல், ஒரே சீரான துகள். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. முன்பு போன கப்பலில் இருந்தவர்கள் ‘சிப்பி உண்டு’ என்று எழுதியிருந்தார்கள். எந்தக் கடலடியில்தான் சிப்பி இல்லை? சோதனைச் சாலையின் எண்ணுக்கு முன்னால் அந்த இரண்டு சொல்லை யாரும் பொருட்படுத்தவில்லை. கணக்கு நன்றாக வந்தது. அபிராமியே ஜாக்கப்பில் நிலவியலாளராகப் போனாள். முதல் தடவையாகத் தனிப் பொறுப்பு. போவதற்கு முன் பாதுகாப்புத் தொப்பியோடு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் விசேஷம். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் தம்பியின் மகளுக்குச் சாமத்திய வீடு. ஹாரோ பக்கம் ஒரு மண்டபம் எடுத்து, பிள்ளையைப் பல்லக்கில் ஏற்றி, புகை கிளப்பி, ட்ரோன் பறக்கவிட்டு, தம்பி தன் பங்குக்கு ஒரு கலக்குக் கலக்கினான். சுந்தர் அவனுக்குப் பக்கத்து வீடு, ஆகவே குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டு என்று வீட்டோடு முடித்துவிடுவோமே, இது கல்யாணத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் தட்டோடு வந்தார்.

“மேடம், ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்த ஸ்காட்லாந்து சாம்பிள் இருக்கே, அப்பப்பா. ஆசிட்டைக் குடிக்குது மேடம். ஊத்த ஊத்த நுரைச்சுக்கிட்டே இருக்கு. மாசக் கணக்குக்கு வெச்சிருந்ததெல்லாம் அந்த ஒரு வேலைக்கே காலி. என் ஆளுங்க மூஞ்சியெல்லாம் கடுகடுன்னு ஆயிடுச்சு.”

நான் சிரித்தேன். வரிசை நகர்ந்தது. யாரோ என் தட்டில் வடையை வைத்தார்கள். பிறகுதான் அந்தச் சொற்கள் எனக்கு உறைத்தன.

“ஏன் சுந்தர், ஆசிட் எதுக்கு?”

“கிளீன் பண்றதுக்குத்தான் மேடம். கிளிஞ்சல் பொடியெல்லாம் கரைச்சுட்டு மிச்ச மணலைத்தான் அளந்தோம். தேம்ஸ் சேத்துக்கெல்லாம் அப்படித்தானே பண்றோம்?”

தேம்ஸ் முகத்துவாரத்துச் சேற்றுக்கு அது சரி. அங்கே சிப்பி என்பது சோற்றில் கல் மாதிரி, பொறுக்கி எறிந்துவிட்டுச் சோற்றை அளக்கலாம். அந்தத் தீவுக் கடலடியில் சிப்பிதான் சோறு. கடலடியைத் துப்பரவாகக் கரைத்து ஊற்றிவிட்டு, கரையாமல் எஞ்சிய கல்லை அளந்து இதுதான் கடலடி என்று எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்லின் மேல் கால் ஊன்றத்தான் அபிராமி போயிருக்கிறாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், உங்களுக்குச் சொல்ல வந்ததே இதைத்தான். என் கையில் அப்போது என்ன இருந்தது? சாப்பாட்டு வரிசையில் ஒருவர் ஆசிட் தீர்ந்துபோனதாகச் சலித்துக்கொண்டார், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு ஜாக்கப்பை நிறுத்துவதா? அந்தக் கடலில் நல்ல காலநிலை சும்மா கிடைக்காது, கிடைத்த நாளை விட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் நினைப்பது பிழையென்றால் எங்கள் நிறுவனத்தை அந்தப் பக்கம் ஒருவரும் இனிச் சேர்க்க மாட்டார்கள். முதலில் சோதனைச் சாலைக்குப் போய் உறுதி செய்துகொண்டு பிறகு சொல்லலாமே என்று மனம் சொன்னது. அது மிகவும் நியாயமான குரல். அந்தக் குரலை நம்பாதீர்கள். திருப்பி எடுக்க முடியாத காரியம் ஒன்று நடக்கப் போகிறதென்றால் முதலில் நிறுத்துங்கள், பிறகு போய்ப் பாருங்கள். வெட்கப்படுவதற்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது.

தட்டை வைத்துவிட்டு, கோட்டுகள் தொங்கவிடும் சிறு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே மேளம் பிளந்தது. வாட்ஸ்அப்பில் அபிராமியைப் பிடித்தேன்.

“அன்ரி! என்ன, சாமத்திய வீட்டில நிண்டுகொண்டு எனக்குப் போன் அடிக்கிறியள்?”

“கால் இறக்கியாச்சோ?”

“இன்னும் இல்லை. நங்கூரமெல்லாம் போட்டாச்சு, ஒண்டு பிடிக்காமல் மேல இழுத்துத் திருப்பிப் போட்டது. இப்ப கொஞ்ச நேரத்தில இறக்கப் போறம்.”

“இறக்க வேண்டாம். நான் சொல்லுறதைக் கேள்.”

சொன்னேன். “ஆனா ரிசல்ட்ஸ் அவ்வளவு நல்லா இருந்துதே அன்ரி” என்றாள். அவ்வளவு நல்லா இருந்ததுதான் பிரச்சினை என்றேன்.

“மேல இழுத்த நங்கூரத்தில இருந்து கடலடி மண் ஏதும் தட்டில விழுந்திருக்கோ? இருந்தா ஒரு கை எடு. கிச்சினில வினாகிரி கேள், சிப்ஸுக்கு ஊத்துறதுதான். கொஞ்சம் சூடாக்கி ஊத்திப் பார்.”

அவள் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடியது கேட்டது. சமையற்காரரோடு ஏதோ வாக்குவாதம். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“நுரைக்குது அன்ரி. மெல்லிசா, ஆனா நுரைக்குது. போன் கமராவில பெருசாக்கிப் பாத்தன், துகள் உருண்டையா இல்லை. எல்லாம் தகடு தகடாத்தான் இருக்கு.”

ஜாக்கப்பின் பொறுப்பாளரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் பெயர் கலம். ஸ்கொட்லாந்தில் அது ஆண்பிள்ளைப் பெயர், மரக்கலத்தை ஓட்டுகிறவருக்குக் கலம் என்று பெயர் வைத்த தாயை நான் மனதுக்குள் பாராட்டியதுண்டு. ஆத்திரப்படாத மனிதர். ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எந்தக் கடல் மண்ணும் வினாகிரிக்குக் கொஞ்சம் நுரைக்கும். அதை வைத்து நான் வேலையை நிறுத்த முடியாது. ஆனால் நீங்கள் பயப்படுகிறீர்கள் என்பது எனக்குக் கேட்கிறது. அலை ஏறிக்கொண்டு வருகிறது. ஒன்று, கால்களை இறக்கித் தண்ணீருக்கு மேலே எழும்ப வேண்டும். இல்லையென்றால் இப்போதே இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும். நடுவில் மிதந்துகொண்டு அதிக நேரம் யோசிக்க முடியாது. பின்னேரம் நீரோட்டம் திரும்பும்வரை பொறுக்கிறேன். அதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும், அதுவும் இங்கே என்னோடு நிற்கிற நிலவியலாளரின் வாயில் இருந்து வேண்டும்.

அவர் கேட்டது சரி. லண்டனில் கோட்டுகளுக்கு நடுவே நிற்கிறவளின் பேச்சைக் கேட்டு ஓர் ஆள் கப்பலை நடத்த முடியாது.

வெளியே வந்து சுந்தரைத் தேடிப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாதிரிகளில் பாதியைத் தொடாமல் எடுத்து வைப்பது வழக்கம், அது குளிரறையில் இருக்கிறது என்றார். நான் காஞ்சிபுரம் சேலையிலும் அவர் பட்டு வேட்டியிலுமாகக் காரில் ஏறினோம். அன்று பார்த்து வெம்பிளியில் பந்து விளையாட்டு. பாதி வீதிகளை மூடியிருந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு காரின் முன்னால் ஊர்வலம் போனார்கள். ஒருவன் என் சேலையைப் பார்த்துக் கைதட்டினான். அவனைக் காரால் இடித்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன், மெய்யாகவே நினைத்தேன்.

சோதனைச் சாலையில் தொடாத பாதியில் இருந்து ஒரு கரண்டி மணலை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் போட்டு, ஆசிட்டை ஊற்றினார். பொங்கியது. அடங்கட்டும் என்று காத்திருந்து மறுபடி ஊற்றினார், மறுபடி பொங்கியது. கடைசியில் நுரை அடங்கித் தண்ணீர் தெளிந்தபோது குவளையின் அடியில் ஒரு சிட்டிகை எஞ்சியிருந்தது. நெற்றிக்குத் திருநீறு பூசக் காணும், அவ்வளவுதான். அந்தச் சிட்டிகைக்குத்தான் நாங்கள் அவ்வளவு அழகான அறிக்கை வைத்திருந்தோம்.

சுந்தர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நானா எதுவும் பண்ணல மேடம். அந்தப் பொண்ணுதான் போன்ல தெளிவா சொன்னாங்க. நான் கேட்டேன், என்னென்ன டெஸ்ட் வேணும்னு. ‘அண்ணா, துப்பரவா செய்து தாங்கோ’ன்னாங்க. துப்புரவுன்னா கிளீனிங் தானே? நிறைய கிளிஞ்சல் இருக்கு, அதான் கிளீன் பண்ணச் சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

பிள்ளைகளே, உங்களில் சென்னைப் பக்கம் இருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பேச்சில் துப்பரவு என்றால் சுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘துப்பரவா’ என்று இழுத்துச் சொன்னால் முழுக்க, ஒன்று விடாமல் என்று பொருள். துப்பரவா மறந்துபோனேன் என்போம், துப்பரவா விளங்கவில்லை என்போம். எல்லாச் சோதனையையும் ஒன்று விடாமல் செய்து தாருங்கள் என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். அவர் மணலைக் கழுவச் சொல்கிறாள் என்று கேட்டிருக்கிறார். இருவருமே தமிழ்தான் பேசினார்கள், இருவருமே நல்ல தமிழ்தான் பேசினார்கள். ஒருவர் பிறமொழிக்காரராய் இருந்திருந்தால் எதற்கும் இன்னொரு தரம் கேட்டிருப்பார். தன் மொழியில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, விளங்கிவிட்டது என்ற நினைப்பு முதலிலேயே வந்துவிடுகிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் அப்போது நேரம் இல்லை.

அபிராமியை அழைத்து, போனை மேசையில் ஒலிபெருக்கியில் வைத்தேன். குவளையில் கண்டதைச் சொன்னேன். அதன்பின் ஒரு கணம் யோசித்தேன். சொல்லால் வந்த பிழை என்பதை இப்போதே சொல்வதா, கரைக்கு வந்தபின் சொல்வதா? பயந்துபோன பிள்ளை நல்ல முடிவு எடுக்காது. அதே நேரம், பாதி மட்டும் தெரிந்தவளிடம் முழு முடிவையும் கேட்பதும் முறையில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

“ஏன் அன்ரி, ஆர் ஆசிட் போடச் சொன்னது?”

சொன்னேன். துப்பரவு என்ற ஒரு சொல்லையும் அது மதுரைக் காதில் விழுந்த விதத்தையும் சுருக்கமாகச் சொன்னேன்.

சுந்தர் மேசையின் மேல் குனிந்து, “தங்கச்சி, நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்மா. தப்பு என்னோடது” என்றார். அவளை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தூரத்தில் கலம் யாருக்கோ கட்டளையிடுவது கேட்டது. நீரோட்டம் திரும்பத் தொடங்கிவிட்டது போல.

“அன்ரி, இப்ப நிப்பாட்டச் சொன்னா ஏன் எண்டு கேப்பினம். என்ர பிழை எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்ல வேண்டி வரும்.”

“ஓம். வரும்.”

“நீங்கள் சொன்னனீங்கள் எண்டு சொல்லலாம்தானே?”

“சொல்லலாம். நான் இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா அவர் உன்ர வாயாலதான் கேட்டவர்.”

என் வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பெரிய மனிதர்கள் யோசித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளை யோசித்த அளவுக்கு நேர்மையாக யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

“சரி. என்ர சொல்லாலதானே பிழைச்சது. என்ர சொல்லாலயே நிக்கட்டும்.”

போனை அணைக்காமல் கலமிடம் நடந்து போனாள். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கடலடி பற்றிய என் கணக்குப் பிழை. சோதனைச் சாலைக்கு நான் சொன்ன விதத்தில் இருந்து அது தொடங்கியது. கால்களை இறக்க நான் சம்மதிக்கவில்லை. கலம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பலாம் என்று அவர் மற்றவர்களிடம் சத்தமாகச் சொன்னது அல்பர்டனில் எங்கள் மேசைவரை கேட்டது. அங்கே நின்றவர்களில் யாரோ கெட்ட வார்த்தையால் திட்டியதும் சேர்த்தே கேட்டது.

திங்கட்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், அதில் சுவை இல்லை. தொடாத பாதியை நொறுக்கிச் சோதித்துக் கணக்கைப் புதிதாகப் போட்டோம். எல்லாக் காலும் சீராக இறங்கியிருக்காது என்று அது சொன்னது. எங்கே, எப்போது ஒரு கால் மட்டும் போயிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. நம் தொழிலின் சாபம் அது. சரியான நேரத்தில் நிறுத்தினால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். வாடிக்கையாளர் கோபித்தார், பிறகு தணிந்தார். சுந்தருக்கும் அபிராமிக்கும் ஆளுக்கொரு கண்டிப்பு, வேலைக்கு ஆபத்து வரவில்லை. இனிச் சோதனைச் சாலையோடு எல்லாரும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று எங்கள் மேலாளர் ஒரு விதி போடப் பார்த்தார். கிளீன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று அகராதியில் பாருங்கள் என்றேன், விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக நான் போட்ட விதி உங்களுக்கும் பொருந்தும். மண்ணை யாரிடம் கொடுத்தாலும், எதை அளப்பீர்கள் என்று கேட்காதீர்கள். எதை எறிவீர்கள் என்று கேளுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதல்நாள் விசேஷத்தில் பாதியில் எழுந்து போனதற்குத் தம்பி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனைச் சமாதானப்படுத்த ரெய்னர்ஸ் லேனுக்குப் போய், மிஞ்சிய பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தபோது அபிராமியின் அழைப்பு வந்தது. ஜாக்கப் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

“அன்ரி, எல்லாரும் என்னை ஏசுகினம். வந்த வேலை நடக்கேல்லை எண்டு, சின்னப் பிள்ளையின்ர பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்தம் எண்டு. சாப்பாட்டு மேசையில ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில இருக்கேல்லை. இப்ப கரையில நிண்டும் ஏசுகினம்.”

“எல்லாரும் எண்டா?”

“எல்லாரும்தான் அன்ரி. சமைக்கிற ஆள் உட்பட.”

“வடிவா எண்ணிப் பார்த்துச் சொல்லு. அந்த ஏசுற ஆக்களில ஒருத்தரும் குறையேல்லையே?”

கடற்பறவைகளின் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், ஆண்கள் பலர் ஒரே நேரத்தில் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி அவர்களைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“இல்லை அன்ரி,” என்றாள். “ஒருத்தரும் குறையேல்லை.”